முதலாளியும் நீங்கள், எடுபிடியும் நீங்கள்

யாழ்ப்பாணத்தில் தனியாளாய் ஒரு தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடுவது. அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பம் போட்டு, பதில் வராமல், வயதெல்லையும் கடந்த பிறகு கடை திறந்தால் ஊர் உங்களை மன்னிக்கும். "பாவம், பெடியனுக்கு ஒண்டும் சரிவரேல்லை" என்றபடி முதல் வியாபாரமும் அதுவே செய்யும். விண்ணப்பமே போடாமல் நேரே கடை திறந்தவருக்கு அந்த இரக்கம் கிடையாது. அவரில் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் கதை போகும்.

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும் என்று சொல்லி வைத்த சனம் நாங்கள். 1816இல் அமெரிக்க மிசன் வந்திறங்கிப் பள்ளிக்கூடங்கள் திறந்த நாளிலிருந்து இங்கிலீசு படித்தவன் கொழும்புக் கந்தோருக்குப் போனான், பிறகு மலாயா ரயில்வேக்கும் போனான். மாதம் முடிய மணியோடர் வந்தது, தலை நரைக்கப் பென்சன் வந்தது. அதே ஊர்களில் இருந்து புறப்பட்டுத் தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக் கடை வைத்தவர்களும் இருந்தார்கள். கடைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்து, கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஊர் வந்து போனவர்கள். கல்வீடுகள் அவர்கள் காசிலும் எழும்பின, கோபுரங்கள் அவர்கள் காசிலும் உயர்ந்தன. ஆனாலும் பெயர் எடுத்தவர் கிளாக்கர்தான். சுருட்டுக் கடைக்காரரின் பிள்ளையும் கிளாக்கராக வேண்டும் என்பதுதான் சுருட்டுக் கடைக்காரரின் கனவாக இருந்தது.

இன்றைக்கும் கலியாணப் பேச்சில் இந்தச் சம்பாசணையைக் கேட்கலாம்.

"பெடியன் என்ன செய்யிறார்?"

"சுன்னாகத்திலை சொந்தமாக் கடை வைச்சிருக்கிறார். ரெண்டு மாடி."

"அது சரி. வேலை என்ன?"

ஆகவே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வாருங்கள், மற்றதைப் பார்ப்போம்.

அடுத்தது, என்ன தொழில் என்ற கேள்வி. இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. தெருவில் இறங்கி எந்தக் கடையில் ஆள் நிற்கிறது என்று பாருங்கள். அதே கடையை அதற்கு எதிரே போடுங்கள். ஒரு காலத்தில் எல்லாரும் கொமினிக்கேசன் போட்டார்கள். பலகை அடித்த சின்னக் கூண்டுக்குள் நின்று ஒரு தாய் லண்டனோடு அழுதுகொண்டிருக்க, வெளியே அடுத்த தாய் காத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்ததும் கூண்டெல்லாம் கழன்றது. பிறகு இன்ரநெற் கஃபே, பிறகு ரீலோட், பிறகு போன் கவர், பிறகு ஜூஸ் பார். இப்போது வீட்டிலிருந்து பிறந்தநாள் கேக். போர் முடிந்த பிறகு வந்த வாழ்வாதாரத் திட்டங்களும் இந்தக் கலையில் எங்களுக்குச் சளைத்தவை இல்லை. ஒரு கிராமத்துக்குத் தையல் மெசின் என்று தீர்மானமானால் வீட்டுக்கு வீடு தையல் மெசின்தான். பத்து வீட்டில் பத்து மெசின் ஓடத் தயாராக நிற்கும். துணி கொடுக்கப் பதினோராவது வீடுதான் இருக்காது. படம் எடுத்தவர்கள் போன பிறகு மெசினுக்கு மேல் துவாய் காயும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உங்கள் தொழிலுக்கு ஒரு நோக்கம் வேண்டும். அது கடைக்குள் கிடைக்காது, ஹோட்டல் மண்டபத்தில்தான் கிடைக்கும். தொழில்முனைவோர் பயிற்சிப் பட்டறை என்று பதாகை கட்டியிருப்பார்கள். உள்ளே குளிரூட்டி, ஒரு ரோல்ஸ், ஒரு பட்டீஸ், பிளேன் ரீ. வளவாளர் பெரிய தாளையும் நிறப் பேனையையும் நீட்டி "உங்கட தூரநோக்கை எழுதுங்கோ" என்பார். பயப்பட வேண்டாம். எந்த அரசாங்கக் கந்தோர் வாசலிலும் "தூரநோக்கு, பணிக்கூற்று" என்று பலகை இருக்கிறது. அதில் கந்தோரின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டால் போதும். சைக்கிள் ஒட்டுப் போடுகிறவராக இருந்தாலும் "பேண்தகு போக்குவரத்தின் ஊடாக வளமான சமூகம்" என்று எழுதத் தயங்காதீர்கள். உண்மையும் அதுதானே. மதியச் சாப்பாட்டுக்கு முன் நோக்கம் கிடைத்துவிடும், பின்னேரம் சான்றிதழ் கிடைக்கும். அதைச் சட்டம் போட்டு இலட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

அதே பட்டறையில் இப்படி ஒரு திட்டத்தை ஒருவர் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். விண்ணப்பதாரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தொழில், முடி வெட்டுதல். தயாரிக்க நினைக்கும் பொருள், மாத இலக்கியச் சஞ்சிகை. சந்தை, யாழ்ப்பாண வாசகர். அதாவது ஒருவர் வாங்கி எட்டுப் பேர் இரவல் படிக்கும் இனம். விநியோக வலையமைப்பு, விண்ணப்பதாரரின் தோளில் ஒரு பை. விளம்பரத் துறை, விண்ணப்பதாரரின் வாய். கடன் அறவிடும் பிரிவு, விண்ணப்பதாரரின் கால். இழப்பை யார் பொறுப்பது என்ற இடத்திலும் விண்ணப்பதாரர்.

வளவாளர் சிவப்புப் பேனையை எடுத்திருப்பார். விண்ணப்பதாரர் டொமினிக் ஜீவா. 1927இல் பிறந்தவர். கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கினார், 2012 வரை நடத்தினார். 400 இதழ்களுக்கு மேல். நாட்டில் இந்தக் காலத்துக்குள் எத்தனை அரசு மாறியது, எத்தனை வங்கி பெயர் மாறியது, எத்தனை சங்கம் உடைந்து இரண்டாகி நாலாகியது என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஜீவாவுக்கு நோக்கம் எங்கே கிடைத்தது என்று தேடிப் போனால் ஹோட்டல் மண்டபம் எதுவும் அகப்படாது. சலூன் அகப்படும். பத்திரிகை வாங்கிப் போட்டால் வந்திருப்பவர் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் மறுத்துப் பேசுவார், கத்தரிக்கோல் பிடித்தவர் இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கடைதான் தன்னுடைய சர்வகலாசாலை என்று பிற்காலத்தில் அவர் ஓயாமல் சொன்னார். சாதியைச் சொல்லி இழித்த ஊர் இது. அந்தத் தொழிலை மறைத்து எழுத்தாளராய் மட்டும் திரிந்திருக்கலாம், அப்படிச் செய்தவர்கள் உண்டு. அவர் மறைக்கவில்லை. 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்த பிறகும் சலூன்காரர் என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கோபமும் தொழிலும் எழுத்தும் ஒரே கதிரையைச் சுற்றி நின்ற மனிதருக்குத் தூரநோக்கு எழுத நிறப் பேனை தேவைப்படவில்லை.

எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அந்தத் தோள்பை. எழுதுவித்து வாங்குவதும், ஈய எழுத்தில் கோத்த பக்கத்தைப் பிழை பார்ப்பதும், அச்சகத்தில் காவல் நிற்பதும் பல ஆசிரியர்கள் செய்த வேலைதான். இவர் அதை எடுத்துக்கொண்டு தெருவிலும் இறங்கினார். கந்தோர் வாசல், கூட்டம் நடக்கும் மண்டபம், தெரிந்தவர் வீடு என்று கையில் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கினார். போன மாத இதழில் வந்த கதை சரியில்லை என்றால், பிந்தி வந்தது என்றால், அட்டையில் அந்த ஆளின் படத்தை ஏன் போட்டாய் என்றால் (ஈழத்து எழுத்தாளர், கலைஞர் படத்தை அட்டையில் போடுவது மல்லிகையின் வழக்கம், ஆகவே படம் வராதவர் அத்தனை பேரும் கோபத்தோடு இருந்திருப்பார்கள் என்று நம்பலாம்) முகத்துக்கு நேரே கேட்கலாம். ஆசிரியர் எதிரில்தான் நிற்கிறார். "நான் சொல்லிவிடுகிறேன்" என்று தப்ப அவருக்கு மேலே ஒருவரும் இல்லை, கீழேயும் இல்லை.

முதலீட்டாளர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த முறையில் பெரிய இலாபம் வந்ததாகத் தகவல் இல்லை.

நீங்கள் ஜீவா இல்லை, நானும் இல்லை. ஆகவே ஏச்சுக் கேட்காமல் தொழில் நடத்தும் வழியைக் கற்றுக்கொள்வோம். தனியாள் தொழிலில் உள்ள பெரிய குறைபாடு, பழி போட ஆள் இல்லாமை. பெரிய கடைக்காரருக்கு "பெடியன் மறந்திட்டான்" என்ற வசதி இருக்கிறது. உங்களுக்குப் பெடியனும் நீங்கள்தான். ஆனால் மனம் தளர வேண்டாம். பழி விடயத்தில் எங்கள் குடாநாடு கொடுத்து வைத்தது. வேறெந்த ஊர்க்காரருக்கும் இவ்வளவு தரமான காரணங்கள் கையிருப்பில் இல்லை.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் கரண்ட் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் ஒரே வீதியால் நாவற்குழிப் பக்கம் நடந்தது. கடைகளைப் பூட்டிய திறப்பை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போன முதலாளிமார் எத்தனை பேர். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டது. 2020இல் கொரோனா. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அதே வருடம் டொலர் 200 ரூபாவில் இருந்து 350ஐத் தாண்டி ஓடியது, யூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது. இதற்குள் ஒன்றை எடுத்து வாடிக்கையாளர் முன் வைத்தால் யாருக்கும் எதிர்ப்பேச்சு வராது. எல்லாம் உண்மை. உண்மையான சாட்டு அளவுக்குப் பாதுகாப்பான சாட்டு வேறில்லை. டொலர் 300க்கு இறங்கிய பிறகும் விலையை இறக்காமல் இருக்கவும் அது உதவும்.

இந்த வழியைக் கெடுத்தவர்கள் கராஜ்காரர்கள். தடைக்காலத்தில் அவர்களுக்கு இருந்த சாட்டைப்போல யாருக்கும் இருக்கவில்லை. பெற்றோலே இல்லாத ஊரில் பெற்றோல் எஞ்சின் திருத்துகிறவன் வாங்கில் படுத்து நித்திரை கொண்டிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? அவர்களோ ஓஸ்டின், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் பற்றாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருந்து காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்புவது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, நாறிக்கொண்டு, எஞ்சினின் ஆயுளைத் தின்றுகொண்டு வண்டி ஆசுபத்திரிக்குப் போனது. வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோ. ஒருவர் மிதிக்க மற்றவர்கள் லண்டன் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஓ/எல் சோதனைக்குப் பிள்ளைகள் படித்தார்கள்.

தடையை நீக்க அந்த கராஜ்காரரால் முடியாது. அரசாங்கத்தையும் இயக்கத்தையும் கேள்வி கேட்கவும் முடியாது, கேட்டால் கராஜும் இருக்காது ஆளும் இருக்க மாட்டார். ஆனால் வண்டி தள்ளிக்கொண்டு வந்தவரிடம் "வெள்ளிக்கிழமை வாங்கோ" என்று சொன்னால் வெள்ளிக்கிழமை என்பது அவருடைய கையில் இருந்தது. ஊரில் எதுவும் யாருக்கும் சொந்தமில்லாத காலத்தில் அந்த வெள்ளிக்கிழமை அவருக்குச் சொந்தமாக இருந்தது. இந்தக் கைநூலின் நோக்கத்துக்கு இது முற்றிலும் எதிரான உதாரணம் என்பதால் இதற்கு மேல் நீட்டவில்லை. வேண்டுமானால் இன்றைக்குக் கரண்டும் நூலும் ஊசியும் தாராளமாக உள்ள ஒரு தையற்கடைக்குப் போய் "என்ர சட்டை?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் முடிஞ்சுது அண்ணை, பட்டன் மட்டும்தான்" என்பார். சட்டை இன்னும் வெட்டப்படவே இல்லை.

காசு விடயம் சுருக்கமாக. முதல் போடுவதற்கு வெளிநாட்டில் ஒரு மாமா தேவை. ஸ்காபரோவில் இருப்பவர் நல்லது, சூரிச்சில் இருப்பவர் இன்னும் நல்லது. காசோடு ஆலோசனையும் வரும், அது பிரிக்க முடியாத பொதி. உங்களுக்கு நடுச்சாமம் ஆகும்போது வட்சப்பில் மாமா வருவார். அங்கே ரிம் ஹோட்டனில் கோப்பி எப்படி விற்கிறார்கள் என்று விளக்குவார். "ஏன் நீ கோப்பாயிலை ஒண்டு, நெல்லியடியிலை ஒண்டு எண்டு கிளை போடேல்லை?" என்பார். நீங்கள் ஒருவர் என்பதும், ஒருவரைக் கிளை பிரிக்க முடியாது என்பதும் அந்தத் தூரத்தில் இருந்து தெரியாது. "ஓம் மாமா" என்று சொல்லுங்கள். மாமா இல்லாதவருக்கு லீசிங் கொம்பனி இருக்கிறது. மாமா மறந்தாலும் மறப்பார், அவர்கள் மாதத் தவணையை மறக்க மாட்டார்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதியுங்கள். ஜி.எஸ். கையெழுத்துக்கு அலையும்போது பொறுமை பழகும், அது பிறகு உதவும். படிவத்தில் உரிமையாளர் பெயருக்கு ஓர் இடம் விட்டிருப்பார்கள். அம்மா பெயரைப் போடுவோமா, மனுசி பெயரைப் போடுவோமா, நாளைக்கு வரிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று பேனையைத் தூக்கி யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொழிலைச் சொந்தமாக்கிக்கொள்வது பற்றி ஆயிரம் பேச்சுக் கேட்டவர்கள் அவர்கள்.

கடை திறந்தாயிற்று. "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகையை லாச்சிக்கு மேலே மாட்டுங்கள். அதற்குக் கீழே கடன் கொப்பியை வையுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அழகு. பெரியம்மாவின் மகன் சாமான் எடுத்துக்கொண்டு "எழுதி வை" என்று சொல்லிப் போவார். எழுதி வைத்ததைக் கேட்டால் "என்ன, இதுக்கே கேக்கிறாய்?" என்று அடுத்த கலியாண வீட்டில் முகத்தைத் திருப்புவார். கோயில்காரர் திருவிழா உபயத்துக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருவார். விளையாட்டுக் கழகம் வரும், சனசமூக நிலையம் வரும், பழைய மாணவர் சங்கம் வரும். அரசாங்க உத்தியோகத்தரிடம் இவர்கள் ஐந்நூறு கேட்பார்கள். உங்களிடம் ஐயாயிரம். கலியாணப் பேச்சில் வேலை இல்லாதவராக இருந்த நீங்கள் ரசீதுப் புத்தகத்தில் "பிரபல வர்த்தகர்" ஆகிவிடுவீர்கள்.

லீவு பற்றிக் கேட்பீர்கள். லீவு உண்டு, ஆனால் உங்களுக்கு வேண்டிய நாளில் இல்லை. சாவீடு, எட்டுச் செலவு, அந்தியேட்டி, கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, நல்லூர் இருபத்தைந்து நாளில் தேரும் தீர்த்தமும் கட்டாயம். கடைக்காரர் வராமல் விட்டால் "காசு வந்த உடனை ஆக்கள் கண் தெரியேல்லை" என்பார்கள். வந்தால் "கடையைப் பூட்டிப்போட்டுத் திரியிறான், எப்பிடி முன்னேறுவான்" என்பார்கள். இரண்டையும் ஒரே ஆள் சொல்வதுண்டு, ஒரே பந்தியில் இருந்து.

இந்த இடத்தில் நோக்கம் திரும்பவும் தொலையும். வழக்கமாக அது மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பின்னேரத்தில் நடக்கும். எதற்காக இதைத் தொடங்கினேன் என்று மனம் கேட்கும். அப்போது சட்டம் போட்ட சான்றிதழை வாசிக்கலாம், ஊக்கப் பேச்சாளரின் காணொளி பார்க்கலாம், வெளிநாடு போக ஏஜென்சியிடம் விசாரிக்கலாம். மூன்றும் நேரம் போக்க நல்லவை. போன வாரம் அரைகுறையாய் விட்ட மிக்சி ஒன்று மேசைக்குக் கீழே கிடக்குமே, அதைத் திறந்து பார்ப்பதும் ஒரு வழி. இரண்டு மணித்தியாலம் கழித்து அது ஓடத் தொடங்கும்போது கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. கேள்வி எங்கே போனது என்றுதான் தெரியாமல் இருக்கும். இதைப் பயிற்சிப் பட்டறையில் சொல்லித்தர மாட்டார்கள். சொல்லித்தந்தால் பட்டறைக்குப் பிறகு யார் வருவார்கள்?

கடைசியாக, வேலை கூடினால் ஒரு பெடியனைப் பிடியுங்கள். ஏ/எல் முடித்துவிட்டு றிசல்ற் வரும்வரை சும்மா நிற்பவன் நல்லது. முதல் மாதம் தேத்தண்ணி வாங்கி வருவான். இரண்டாம் மாதம் சாமான் எங்கே எடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வான். உங்களுக்கும் முதல்முறையாகப் பழி போட ஒரு ஆள் கிடைத்திருப்பான், "பெடியன் மறந்திட்டான்" என்று சொல்லிப் பார்ப்பீர்கள், நன்றாகத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் அவனுக்குச் சுவிஸில் ஒரு மாமா இருப்பது தெரியவரும். நீங்கள் படித்த இரண்டாம் பாடத்தை அவனும் படித்தவன். ஆகவே உங்கள் கடைக்கு நேர் எதிரே, உங்களுடையதைவிடப் பெரிய பலகையோடு, குளிரூட்டி பூட்டிய கடை வரும். திறப்பு விழாவுக்கு வெற்றிலை வைத்து அழைப்பான். போங்கள். முதல் வியாபாரம் நடந்ததும் ஐயாயிரம் தாளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து "அண்ணை, மாத்தின காசு இருக்கோ?" என்று உங்களிடம்தான் வருவான். எண்ணிக் கொடுங்கள். அடுத்த சாவீட்டுக்கு நீங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது, உங்களைத் தேடி வந்தவரை "இருங்கோ, அண்ணை இப்ப வந்திடுவார்" என்று தன் வாங்கில் இருத்தி, அவருக்கு ஒரு போன் கவரும் விற்கப் போகிறவன் அவன்தான்.